ஏ.சி.க்கு இடம் விடாத முன்மாதிரி ஜன்னல்

அனுப்புநர்:
கௌஸ் முகைதீன்,
ரெடிமேட் துணிக்கடை விற்பனையாளர்,
பிளாட் 304, மீன் மார்க்கெட் பின்புறக் கட்டடம்,
கராமா, துபாய்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
ஜன்னல், கதவு மாற்று மானியப் பிரிவு,
பழைய கட்டட மின்சிக்கனத் திட்ட அலுவலகம்,
துபாய்.

பொருள்: மானியத்தில் மாற்றிய ஜன்னலில் ஏ.சி. பொருத்த இடம் வேண்டுதல். அறிவிக்கப்பட்ட விருதை வேண்டாமெனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவின் அரபு வடிவம் முதல் தாளாக இணைக்கப்பட்டுள்ளது. அதை அடித்துக் கொடுத்த டைப்பிங் சென்டர் வைரவன் அண்ணன், அலுவலர்கள் நீளமாக எதையும் படிப்பதில்லை என்று கூறி, நான் சொன்னதையெல்லாம் நான்கு வரியில் முடித்துவிட்டார். அவருடைய அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு வரியில் அடங்குகிற கஷ்டமாக இருந்தால் கடையில் லீவு கேட்டு இங்கே வந்து நின்றிருக்க மாட்டேன். ஆகவே முழு விவரத்தையும் எனக்குத் தெரிந்த மொழியில் எழுதிப் பின்னால் வைத்திருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் தமிழ் அறிந்தவர் யாரேனும் இருந்தால், அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

1. நானும் என் மனைவி ஹாலிதாவும் ஆறு வயது மகள் மின்ஹாவும் மேற்படி பிளாட்டில் குடியிருக்கிறோம். ஒரே அறை, ஒரே ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது. ஜன்னலின் மேல்பாதிக் கண்ணாடியை எடுத்துவிட்டு, பிளைவுட் பலகை அடித்து, அதில் விண்டோ ஏ.சி.யை மாட்டியிருந்தோம். கராமாவின் பழைய கட்டடங்களில் பல வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. பார்வைக்கு அழகில்லைதான், ஆனால் வீடு குளிர்ந்தது.

2. தங்கள் திட்டத்தில் எங்கள் கட்டட உரிமையாளருக்கு மானியம் கிடைத்து, கடந்த மே மாதம் முதல் கட்டமாக எங்கள் ஜன்னலும் வாசல் கதவும் மாற்றப்பட்டன. வாடகைக்கு இருப்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. வேலையாட்கள் வந்தபோது நான் கடையில் இருந்தேன். அவர்கள் ஏ.சி.யைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, ஜன்னல் முழுவதற்கும் இரட்டைக் கண்ணாடி போட்டு, திறக்க முடியாதபடி ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்துவிட்டார்கள். ஏ.சி.யை எங்கே மாட்டுவது என்று என் மனைவி கேட்டிருக்கிறார். “எங்க ஆர்டர்ல ஓட்ட இல்லக்கா, நாங்க என்ன செய்ய முடியும்” என்று வேலுச்சாமி என்கிற தொழிலாளி வருத்தத்தோடு சொன்னாராம். அவர்மீது எங்களுக்குக் கோபமில்லை. அன்றைக்கு அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார் ஹாலிதா.

3. வேறு வழிகளையும் பார்த்துவிட்டோம். கட்டடத்தின் முகப்பில் ஸ்பிளிட் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மாட்ட அனுமதியில்லை. குழாய் வைத்த சிறிய ஏ.சி.க்கு அந்தக் குழாயை வெளியே விடத் திறக்கிற ஜன்னல் வேண்டும். தண்ணீர் ஊற்றும் கூலர் ஒன்றை நண்பர் கொடுத்தார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது வீட்டைக் குளிப்பாட்டியதே தவிரக் குளிரவைக்கவில்லை. கண்ணாடியிலோ சுவரிலோ துளை போட்டால் மானியத்தைத் திருப்பித் தர வேண்டிவரும் என்பதால் உரிமையாளரின் மேனேஜர் பேசவே மறுக்கிறார். தங்கள் அலுவலகத்துக்கு வந்தால், இந்தப் பிரிவு ஜன்னலுக்கும் கதவுக்கும் மட்டும்தான், ஏ.சி. வேறு பிரிவு என்கிறார்கள். அந்தப் பிரிவுக்குப் போனால், ஓட்டை என்பது ஜன்னல் சம்பந்தப்பட்டது என்று இங்கேயே திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகவே பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள்.

4. கழற்றிய ஏ.சி. இப்போது எங்கள் அறை மூலையில் துணி போர்த்தி இருக்கிறது. மின்ஹா அதன்மேல் தாளை வைத்துத்தான் படம் வரைகிறாள். பகலில் மனைவியும் மகளும் அருகிலுள்ள சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு குளிரில் சுற்றுகிறார்கள். எதுவும் வாங்காமல் வெளியே வரக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவார் ஹாலிதா. இப்போது அங்குள்ள காவலாளிக்கு இவர்கள் முகம் தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாமல் பார்ப்பதுதான் தாங்கவில்லை என்கிறார் என் மனைவி. தூங்குவதற்கு இருவரும், அக்கா முறையில் நாங்கள் லாத்தா என்றழைக்கும் அடுத்த பிளாட் ஹபீபுன்னிசா வீட்டுக்குப் போகிறார்கள். நானோ நாள் முழுதும் கடையின் ஏ.சி.யில் நிற்கிறேன். அது என் குற்றமில்லை என்று தெரிந்தாலும் மதியம் சோறு இறங்குவதில்லை, ஐயா.

5. மின்சாரம் மிச்சமானது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஏ.சி. ஓடாத வீட்டில் கரண்ட் பில் குறையத்தானே செய்யும். ஆனால் தங்கள் அலுவலகப் பட்டியலில் மற்ற எல்லா வீடுகளையும்விட எங்கள் வீட்டில் அதிகம் குறைந்திருப்பதாகக் கண்டு, அதற்குக் கண்ணாடிதான் காரணம் என்று எண்ணி, சென்ற மாதம் இரண்டு அதிகாரிகள் நேரில் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதாக முதல் நாளே தகவல் வந்தது. எப்படியோ நம் கஷ்டம் மேலே எட்டிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

6. இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. வீடு தேடி வருகிறவர்கள் வேர்த்து வடிய உட்காரக் கூடாது என்பது என் மனைவியின் எண்ணம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காலையிலேயே மீன் மார்க்கெட்டுக்கு ஆளனுப்பி ஐஸ் பாளங்கள் வாங்கிவந்து, சலவை டப்புகளில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளி, அவற்றின் முன் டேபிள் ஃபேனை ஓடவிட்டார். மீன் வாடை தெரியாமல் இருக்கச் சாம்பிராணியும் போட்டார். கட்டில் விரிப்பு தரைவரை தொங்கியதால் வந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அதிகாரிகள் உள்ளே வந்ததும் வியந்தார்கள். ஏ.சி. இல்லாமலே அறை இவ்வளவு குளிர்ச்சியா என்று கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஏதாவது குறை உண்டா என்றும் கேட்டார்கள். வந்ததும் வராததுமாக விருந்தாளியிடம் குறையை அவிழ்க்க எங்களுக்கு வராது. “அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கோம்” என்றேன். சர்பத் குடித்து முடித்ததும் விவரமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். குடித்து முடித்ததும் அவர்கள் எழுந்துவிட்டார்கள். மகளின் கழுத்தில் இருந்த வேர்க்குருக் கட்டிகளைக்கூட, பவுடர் போட்டு மறைத்து உட்காரவைத்திருந்தோம். அதை நினைத்தால் எனக்கு என்மீதே ஆத்திரம் வருகிறது.

7. இப்போது எங்கள் வீடு முன்மாதிரி இல்லமாகத் தேர்வாகியிருப்பதாகவும், வரும் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வெளியூர் விருந்தினர்களும் புகைப்படக்காரர்களும் வருவார்கள் என்றும், கதவில் ஒரு பலகை பொருத்தப்படும் என்றும், ஜன்னல் அருகே குடும்பத்தோடு நிற்க வேண்டும் என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. நான் வாட்ச்மேன் ஷம்சாத் கானிடம் புலம்பினேன். “பாய், அப் மாஃபி பாயிதா. இனாம் மில் கயா, கலாஸ்” என்றார். பரிசு கிடைத்துவிட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த கட்டமாக ஹபீபுன்னிசா லாத்தா வீட்டு ஜன்னலையும் இந்த வாரமே மாற்றப்போகிறார்கள். அவரும் விண்டோ ஏ.சி.தான் வைத்திருக்கிறார். அதன்பின் என் மனைவியும் மகளும் தூங்க இடமில்லை. குழந்தைக்குக் கட்டிகள் பழுத்துக் காய்ச்சல் வந்துவிட்டது. குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

8. எனவே வியாழக்கிழமை விமானத்தில் இருவரையும் ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டிருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் போவதுதானே என்று தாங்கள் நினைக்கலாம். இது அந்தப் பயணம் அன்று. மின்ஹாவின் டி.சி.யை வாங்கிவிட்டேன். ஆறு மாதம் வெளியே இருந்தால் அவர்களுடைய விசா போய்விடும். இன்னொரு முறை குடும்ப விசாவுக்கு என் கடை முதலாளி கையெழுத்துப் போடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நான் மறுபடி பேச்சிலர் ரூமில் ஒரு கட்டிலுக்குப் போக வேண்டியதுதான். எங்களுக்குத் திருமணமாகி எட்டு வருடமாகிறது. இவர்கள் இங்கே வந்தது சென்ற டிசம்பரில்தான். நோன்பு மாதமும் பெருநாளும் துணிக்கடைக்கு வியாபாரக் காலம் என்பதால் அப்போது ஊருக்குப் போக எனக்கு ஒருமுறைகூட லீவு கிடைத்ததில்லை. அடுத்த மாதம் வருகிற நோன்பைத்தான் முதன்முதலாக மூவரும் ஒன்றாக உட்கார்ந்து திறக்கப்போகிறோம் என்று ஹாலிதா ஊருக்கெல்லாம் போனில் சொல்லியிருந்தார். இப்போது அவர் பெட்டி கட்டுகிறார்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, இந்த வியாழக்கிழமைக்கு முன்பாக, எங்கள் ஜன்னலின் மேல்பகுதியில் ஏ.சி. வைக்கும் அளவுக்கு இடம் வெட்டித் தர உத்தரவிட வேண்டுகிறேன். முடியாதென்றால் பழைய ஜன்னலையே தேடிப்பிடித்து மாட்டினாலும் போதும், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. உத்தரவு கிடைத்த அன்றே டிக்கெட்டை ரத்து செய்து, டி.சி.யைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். விருதை வேறு நல்ல வீட்டுக்குக் கொடுங்கள்.

இது நடக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை தங்கள் விருந்தினர்கள் வரும்போது நான் கடையில் இருப்பேன். சாவி ஷம்சாத் கானிடம் இருக்கும். ஜன்னலைத் தாராளமாகப் பார்க்கலாம், பலகையையும் கதவில் மாட்டிக்கொள்ளலாம். அடுத்த மாதம் இந்த வீட்டின் கரண்ட் பில் இன்னும் குறையும். அதற்கும் கண்ணாடிதான் காரணம் என்று எழுதிவிட வேண்டாமென மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 19.08.2007
இடம்: கராமா, துபாய்

மரியாதை குறையாமல்,
(ஒப்பம்)
கௌஸ் முகைதீன்