கண்ணுக்குப் பின்னால் ஒரு குடித்தனக்காரன்

ஜூன் 4
யாரும் நம்பவே முடியாத ஒரு கதையை இங்கே பதியப்போகிறேன் என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கிறேன். அக்கா மகளின் வலது கண்ணுக்குப் பின்னால் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் குடிவந்திருக்கிறான். ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் திரண்டு கட்டியாகிவிட்டன என்கிறார் டாக்டர். ஆறு வயசுச் சுண்டைக்காயிடம் அதையா சொல்வது? குடித்தனக்காரன் என்றேன். ஏறுகிற மருந்தெல்லாம் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ். ஆள் கிளம்பினானா என்று நாளை ஸ்கேனில் தெரியும்.

ஜூன் 5
அவளுக்குச் சளி, மயக்க மருந்து கிடையாது. விழித்தபடியே அசையாமல் கிடக்க வேண்டும். முகத்தின் மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினதும் மிரண்டாள். நான் சும்மா இருப்பேனா? குடித்தனக்காரன் கட்டிலோடு மூக்கு வழியாக ஓடப் பார்த்ததையும், அவள் போட்ட தும்மலில் கட்டில் பறந்துபோய் நிலாவில் குத்திட்டு நின்றதையும் விவரித்தேன். ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் போன பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டிருக்கிறது. காலைப் பிடித்திருந்த எனக்கு அந்தக் குலுக்கல் தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

ஸ்கேன் எடுத்த பெண் வந்தாள். “சார், படம் பூரா கலங்கிப்போச்சு. கட்டி சுருங்கிச்சா வளந்துச்சான்னு சொல்லவே முடியாது.”

மறுபடி இடம் கிடைக்க ஒரு வாரம்.

ஜூன் 6
அக்கா எங்கிட்ட பேசல.

ஜூன் 9
திறக்காத சன்னல். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. கிருமி தொற்றும் என்று அவளை இந்த ஆஸ்பத்திரி அறையைவிட்டு வெளியே விடுவதில்லை. இதே மருந்தா, வேறா? எல்லாம் என் திருவாயால் நிற்கிறது. வளந்திருந்தா? வளந்திருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு —

“கதை தீந்துபோச்சா மாமா?” என்றாள். எனக்கா! ஆனால் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 12
ஸ்கேன் அறை வாசலில் அக்கா, “டேய், வாயத் திறந்தே…” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

சுண்டைக்காய் குழாய்க்குள் அடைபட்டாள். நான் என் வாய்க்குள். தகரக் கூரையில் மலைகள் உருண்டு விழுகிற மாதிரிச் சத்தம். அந்தச் சின்னப் பாதத்தை மட்டும் பிடித்திருந்தேன்.

வெளியே வந்ததும் ஸ்கேன் பெண்ணிடம் புகார் சொன்னாள்: “நான் ஆடவே இல்ல. மாமா கைதான் ஆடிச்சு.”

ஜூன் 13
டாக்டர் அறையிலிருந்து வந்த அக்கா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். ஒரு வாரம் கழித்து அவள் என்னிடம் முழுசாக முடித்த முதல் பேச்சு அது.

கட்டில் நிலாவுக்குப் போனது பொய். தும்மலும் பொய். குடித்தனக்காரன் பாதி வீட்டைக் காலிசெய்துவிட்டான் என்பது மட்டும் நிஜம்.