சுவரில் அறைந்த சேலை

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பேத்தி படிக்கப் போகும்போதெல்லாம் அவள் குழந்தை என் இடுப்பில்தான். நேற்று எங்கள் இருவரையும் தன் பல்கலைக்கழகத்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். என்னிடம் கேட்டு வாங்கிய அடுப்படிச் சேலையை, எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையுமாக அப்படியே சுவரில் ஆணியால் அறைந்து, கீழே ‘என் பாட்டி’ என்று எழுதியிருக்கிறாள்! ஊரே சுற்றி நின்று பார்க்கிறது.

“துவைச்சாவது மாட்டக் கூடாதாடி? என் மானமே போச்சு!”

“துவைச்சா அதுல நீ இருக்க மாட்டியே பாட்டி!”

அடுத்த வாரம் அந்த அழுக்கை நகரத்துப் பெரிய கலைக்கூடத்தில் வைக்கிறார்களாம். என்னையும் ரயிலில் கூட்டிப்போகிறாள். சேலைதான் நாறுகிறது, பக்கத்தில் நிற்கிற நானும் நாற வேண்டுமா? என் அரக்குப் பட்டுச் சேலையை உடனே அனுப்புங்கள். கூடவே உங்கள் தோள் துண்டு ஒன்றையும் வையுங்கள். அதைத் துவைக்க வேண்டாம்.

குழந்தை அழுகிறது, எழுந்திருக்கிறேன்.