விராலும் என் சீர் அண்டாவும்

10 ஜூன் 1956, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து இந்த மனுஷன் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். எலும்பு கூடிவிட்டது, இனிமேல் எழுந்து உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. உட்கார மாட்டேன் என்கிறார். கஞ்சியை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறார். வெந்நீர் போடவா, குளிக்கிறீர்களா என்றால் பதிலே கிடையாது. "என்னைய இப்படியே விட்டுரு செல்வி." வாயைத் திறந்தால் இது ஒன்றுதான்.

விடுறதுக்கா கட்டிக்கிட்டு வந்தேன்?

14 ஜூன்

கோட்டைச்சாமி வந்தான். மலையிலிருந்து ஏலக்காய் லோடு அடிக்கிற ஜீப்பு டிரைவர். சவாரி இல்லாத நாளெல்லாம் இவரோடு கொட்டகுடி ஆற்றில் தூண்டிலும் கையுமாக இருந்தவன். வாளியில் உயிரோடு ஒரு விரால், என் முழங்கையை விட நீளம்.

"கொழம்பு வைங்க மதினி. வாசத்துக்காச்சும் அண்ணன் எந்திரிக்கிறாரான்னு பாப்போம்."

அது வாலால் அடித்த அடியில் தண்ணீர் கட்டில் வரைக்கும் தெறித்தது. அவர் திரும்பினார். சுவரை விட்டுத் திரும்பினார்! கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துவிட்டு, "வெட்டாத" என்றார். இனி யார் வெட்டுவது?

20 ஜூன்

கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. கோட்டைச்சாமி பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, பூட்டிக் கிடக்கிற எங்கள் கடையின் அலமாரிக் கண்ணாடிகளைக் கசியாமல் மக்கு வைத்துப் பதித்துக் கொண்டுவந்தான். ஒரு ஆள் படுக்கலாம், அத்தனை பெரிசு. கட்டிலுக்கு எதிரே வைத்தோம். விரால் துள்ளி வெளியே விழும் என்று மேலே மூங்கில் தட்டி, அதன் மேல் அம்மிக் குழவி.

சாயங்காலம் ஒரு தவளையை விட்டேன். லபக்.

"தின்னுச்சா?" என்றார். தின்றது என்றேன். "சரி, கஞ்சியக் கொண்டா."

அடுப்படிக்குப் போய் அழுதேன்.

26 ஜூன்

தண்ணீர் நாறுகிறது. கறி தின்கிற மீனின் கழிவும் லேசுப்பட்டதில்லை. குடம் குடமாக மாற்றி என் இடுப்பும் முறிந்துவிடும் போலிருக்கிறது. கோட்டைச்சாமி வழி சொன்னான். பெரிய மண்பானையில் அடியில் கூழாங்கல், நடுவில் அடுப்புக்கரி, மேலே ஆற்று மணல். தொட்டித் தண்ணீரை மொண்டு அதில் ஊற்றினால் கீழே தெளிந்து தொட்டிக்கே வந்து சேரும்.

மண்பானை எதற்கு? அடியில் குழாய் வைத்த என் செம்பு அண்டா இருக்கிறதே, அம்மா சீராகக் கொடுத்தது. செம்பில் நின்ற தண்ணீரை விடச் சுத்தம் உண்டா? புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கி, கல்லும் கரியும் மணலும் நிரப்பி ஸ்டூலில் ஏற்றிவிட்டேன். தண்ணீர் பளிங்கு போல விழுகிறது.

1 ஜூலை, ஞாயிறு

"ஒத்தையில கெடக்கு, பாவம்" என்றார். மீனுக்குப் பாவம் பார்க்கிறாராம்.

துணைக்குக் கெண்டைக்குஞ்சுகளை விட்டோம். எண்ணி முடிக்குமுன் காணோம். பூனைக்கு எலி துணையா? கோட்டைச்சாமி சிரித்தான். "அது வாய்க்குள்ள அடங்காத மீனாப் பாக்கணும் மதினி. பெரிய கெளுத்தியாக் கொண்டாறேன். முள்ளு இருக்கு, விரால் கிட்ட அண்டாது."

5 ஜூலை

கெளுத்தி செத்து மிதந்தது.

9 ஜூலை

அடுத்த கெளுத்தியும் போய்விட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பில் ஒரு கடி இல்லை, துடுப்பில் ஒரு கிழிசல் இல்லை. முட்டியே கொன்றிருக்குமோ?

தொட்டிக்கு மறுபக்கம் நின்று விராலை ஒரு பிடி பிடித்தேன். "ஏ, வெளங்காத பயலே! ஊரெல்லாம் அலஞ்சு ஒனக்குத் துணை கொண்டாந்தா ஒன்னொண்ணா முடிச்சுப்புட்டு மொறைச்சா பாக்குறே? கொழம்புல கெடக்க வேண்டியவன் நீ." கட்டிலிலிருந்து ஏதோ சத்தம். இருமலாக இருக்கும். கஞ்சி முழுசும் குடித்தார்.

13 ஜூலை

ஆரல் மீன் விட்டோம், அதுவும் செத்தது. ஆண்டவரே, ஒரு மீனுக்காக உம்மிடம் மன்றாடுவது தப்பா?

16 ஜூலை

விரால் இரை எடுக்கவில்லை. தவளை அதன் மூக்குக்கு முன்னாலேயே நீந்துகிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் போய்க் கிடக்கிறது. மூச்சுக்கு மேலே வருவதற்கே கஷ்டப்படுகிறது.

தண்ணீர்தான் சரியில்லை என்று அண்டாவைக் கவிழ்த்து, மணலையும் கரியையும் அலசி, உள்ளே மறுபடி புளி போட்டுத் தேய்த்தேன். விரல் இடுக்கெல்லாம் எரிகிறது. இன்னும் நான் என்ன செய்ய? யாரைக் கேட்க?

திட்டக்கூட மனசு வரவில்லை. வாய் பேசாமல் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது போனா இவரும் போயிருவாரு. எனக்குத் தெரியும். தெரியும்.

18 ஜூலை

நாத்தனார் ஜெயபாக்கியம் தேவாரம் ஊரிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தார். வந்த கையோடு அவருக்கு மோர் கரைத்து, கைக்கு அகப்பட்ட செம்புச் சொம்பில் ஊற்றப் போனார்.

"செம்புல மோர் ஊத்தாதீங்க! களிம்பு ஏறிரும்!" என்று கத்திவிட்டேன்.

"இப்பவே வெரசாக் குடிக்கத்தான போறான், ஏன்டி இந்தக் கத்துக் கத்துறே?"

"ஒரு நிமிசமும் ஆகாது, வெசம்..."

அப்படியே நின்றுவிட்டேன். நாத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஓடிப் போய் அண்டாவின் குழாய் வாயில் விரலை விட்டுத் துடைத்தேன். பச்சை.

புளியையும் மோரையும் செம்பில் வைக்கக் கூடாது என்று நேற்று வந்த மருமகளுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நாம் ஒரு வாய் குடிக்கிற செம்புத் தண்ணீர் வேறு, ஒரு உயிர் ராப்பகலாய் உள்ளேயே கிடந்து மூச்சுவிடுகிற தண்ணீர் வேறு. அதிலும் ஒவ்வொரு தடவையும் புளி போட்டு அண்டாவின் தோலை நானே உரித்து உரித்து ஊட்டியிருக்கிறேன். விரால் ஒரு பாவமும் செய்யவில்லை. கொன்றது என் சீர்.

19 ஜூலை

அண்டாவை இறக்கினேன். கோட்டைச்சாமி மண்பானை கொண்டுவந்து அடியில் துளை போட்டுக் கொடுத்தான். புது மணல், புதுக் கரி. ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை முழுக்க மாற்றினோம். விரால் ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கியது. போதும், ஆண்டவரே, அதுவே போதும்.

21 ஜூலை

விடிந்ததும் பார்த்தேன். வெள்ளை வயிறு மேலே.

அவர் தூங்குகிறார் என்று நினைத்து, போர்வையை இழுத்துத் தொட்டியை மூடப் போனேன்.

"மூடாத. நான் அப்பவே பாத்துட்டேன்" என்றார். "நீ எந்திரிச்சா அழுவியேன்னுதான் சத்தம் காட்டாமக் கெடந்தேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் அண்டாதான் கொன்றது, எல்லாவற்றையும் நான்தான் கொன்றேன், இனிமேல் நீங்களும் கஞ்சி குடிக்க மாட்டீர்கள் என்று என்னென்னவோ உளறினேன். அவர் பேச விட்டார். ஓய்ந்த பிறகு சொன்னார்:

"நான் மீனையா பாத்துக்கிட்டுக் கெடந்தேன்? தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்னு நீ அத வையிவே பாரு, கண்ணாடி வழியா ஒம்மூஞ்சி ரெண்டு மடங்கு பெருசாத் தெரியும். சிரிப்ப அடக்க முடியாது. நீ வாயடைச்சுப் போன அன்னைக்குத்தான் எனக்குக் கஞ்சி எறங்கல."

விராலைக் கொல்லையில் முருங்கைக்கு அடியில் புதைத்தேன்.

24 ஜூலை

காலையில், "அந்த அண்டா சும்மாதான கெடக்கு, வெந்நி போடு" என்றார்.

விறகடுப்பில் ஏற்றினேன். கோட்டைச்சாமியும் நானும் தாங்கிப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தோம். வலியில் முகம் வெளுத்தாலும் சாய்ந்துவிடவில்லை. எத்தனை நாள் அழுக்கு! நான் தேய்த்த தேய்ப்பில் முதுகு சிவந்துவிட்டது.

"ஏ, மெதுவாத் தேயி" என்றார். "நான் என்ன ஒன் சீர் அண்டாவா?"