மாம்பழ வாசம் இல்லாத டிரம்

ஜூன் 9, 2025, திங்கள்

தெருவில் சாக்கடைக் கால்வாய் கட்டப் போகிறார்களாம். வாசல் ஓரத்துச் செடிகளையெல்லாம் இந்த வாரமே எடுத்துவிடச் சொல்லி, சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். என் செம்பருத்தி, நந்தியாவட்டை, அடுத்த வீட்டு நஞ்சம்மாவின் பன்னீர் ரோஜா, எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

நஞ்சம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளைக் கட்டிக்கொடுத்த வருஷம் வைத்த ரோஜா அது. தினம் ஒரு பூவாவது பூக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பால் வாங்கப் போவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "டிரம்முல வெச்சிரலாம் நஞ்சம்மா. என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

முனிவேலின் பழைய சாமான் கடையில் நீல டிரம் இரண்டு. பாதியாக அறுத்துக் கொடுக்கச் சொல்லி, பேரம் பேசி, ஆட்டோவில் ஏற்றி வந்தேன். நர்சரியில் தொட்டி வாங்கித் தருகிறேன் என்று மகன் பிரகாஷ் சொன்னான். எதற்கு வீண் செலவு? ஓசூருக்கு வருவதற்கு முன்னால், காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்க, தவிடு கொட்ட, செடி வைக்க எல்லாவற்றுக்கும் இந்த டிரம்தான். மாங்கூழ் கம்பெனியில் கழித்துப் போடுவார்கள். ஒரு அலசு அலசினால் முடிந்தது. என் மல்லிகை அதில்தான் மாடி வரை ஏறியது.

சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

செடி எடுத்தாயிற்று. மறந்துபோகாமல் எழுதி வைக்கிறேன். முதல் நாள் சாயங்காலமே வேரடியில் நிறையத் தண்ணீர் விட வேண்டும். மறுநாள் கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டு, தள்ளித் தோண்டி, மண்ணோடு தூக்க வேண்டும். வேர் காற்றைப் பார்க்கக்கூடாது. டிரம்முக்கு அடியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை. அதன் மேல் ஓட்டுச் சில்லு. பிறகு செம்மண், மக்கிய சாணி, கொஞ்சம் மணல். ஒரு வாரம் நிழல்.

நஞ்சம்மா கூடவே நின்று ஒவ்வொன்றுக்கும் ஏன், ஏன் என்று கேட்டாள். எனக்குச் சொல்லப் பிடித்திருந்தது. பேத்தி மோகனப்பிரியா காலேஜிலிருந்து வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் டிரம்மோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள்.

ஜூன் 28, சனி

ரோஜா இலை கொட்டுகிறது. இடம் மாறினால் கொட்டத்தான் செய்யும்.

ஜூலை 3, வியாழன்

செம்பருத்தியும் கருகுகிறது. நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது. அரிசி கழுவின தண்ணீர் விட்டேன், முட்டை ஓடு தூவினேன். தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று நஞ்சம்மா கேட்டாள். நான் கை வைத்த செடி எதுவும் பட்டுப்போனதில்லை என்றேன். கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேனோ?

ஜூலை 6, ஞாயிறு

இன்று பிரகாஷுக்கு லீவு. செம்பருத்தி டிரம்மில் கையை விட்டு அடி மண்ணை அள்ளி முகர்ந்தான்.

"மா, இது எங்க லேத் மெஷினுக்கு ஊத்தற கூலன்ட் ஆயில் வாசம். கழுவுனாலெல்லாம் போவாது."

நானும் முகர்ந்தேன். மாம்பழமும் இல்லை, மண்ணும் இல்லை. கசந்த எண்ணெய்.

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே முனிவேலிடம் சண்டைக்குப் போனேன். அவன் எழுந்துகூட நிற்கவில்லை. "ஆயா, டிரம் கேட்டீங்க, குடுத்தேன். அதுல என்னா இருந்துச்சுன்னு கேட்டீங்களா? ஓசூர்ல யாரு மாங்கூழ் காய்ச்சறாங்க?"

கேட்கவில்லைதான். அதே நீலம், அதே மூடி, அதே உயரம். பஸ் ஏறி இந்தப் பக்கம் வந்ததும் டிரம்முக்குள் இருந்தது மாறியிருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. வேறென்ன?

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே நஞ்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும். இன்று அதுவும் வரவில்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

பால் வாங்கப் போகையில் எதிரே வந்தாள். தலையில் பூ இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

ரோஜாவின் அடிக்கிளையில் மட்டும் இன்னும் பச்சை இருந்தது. கேட்காமல் வெட்டக்கூடாது. கேட்கவும் வாய் வரவில்லை. கடைசியில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "பச்சையா இருக்கறத வெட்டி நட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். "நின் இஷ்டா" என்றாள். உன் இஷ்டமாம். அவ்வளவுதான்.

பென்சில் கனத்துக்கு மூன்று குச்சி தேறியது. சாய்வாக வெட்டி, வெட்டின அடியில் சோற்றுக்கற்றாழைச் சோறு தடவி, மண்சட்டிகளில் நட்டேன். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்தேன், ஈரம் போகாமல் இருக்க. டிரம் மண்ணைக் கீரைப் பாத்தி பக்கம்கூட விடவில்லை. மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூன்றிலும் துளிர்! ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று அவள் வீட்டு கேட் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். குச்சிக்குள் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே துளிர் வரும். வேர் பிடிக்கும்வரை அதை நம்பக்கூடாது. இன்னொரு தடவை அவளிடம் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்று கறுத்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்னொன்றும். இழுத்துப் பார்த்தேன், வேர் இல்லை. மூன்றாவதைத் தொடவே பயமாக இருக்கிறது.

செம்பருத்தியும் நந்தியாவட்டையும் போய்விட்டன. காலி டிரம்களை முனிவேலிடமே போடச் சொன்னேன். மோகனப்பிரியா விடவில்லை. "கவுத்துப் போட்டா உக்கார ஸ்டூலு ஆயா" என்றாள். பிரகாஷ் வேலை செய்கிற இடத்திலிருந்து மிச்ச பெயின்ட் கொண்டுவந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்குமாம். இது எனக்குப் புதுசு. காவி அடித்து, வெள்ளையில் கோலம் போட்டோம். கோலம் என்னுடையது. அதில் குறை சொல்ல முடியாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சட்டியின் அடி ஓட்டையில் வெள்ளையாக, நூல் மாதிரி. வேரேதான். பிரகாஷைக் கூப்பிட்டுக் காட்டினேன், என் கண்ணை நம்பாமல். யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

மொட்டு. ஒன்றே ஒன்று.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

கால்வாய்க்கு மேல் மூடி போட்டுவிட்டார்கள். வாசல் கழுவி, சாமந்திச் சரம் கட்டி, காவி டிரம்களை இரண்டு பக்கமும் போட்டோம். பழைய தண்ணீர் பாட்டில்களை வெட்டி, சின்னச் செடிகள் வைத்து, கம்பி கேட்டில் தொங்கவிட்டாள் மோகனப்பிரியா. பிரகாஷ் வேலையிலிருந்து பொரியும் பூசணிக்காயும் கொண்டுவந்தான்.

நஞ்சம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். டிரம்மையே பார்த்தாள்.

"அந்த டிரம்தானே?"

"அதேதான்."

"என் செடியக் கொன்னதுக்குக் கோலம் வேறயா?"

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். நன்றாக அழுத்தி, ஆட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் ரோஜாச் சட்டியை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். மொட்டு லேசாக விரிந்திருந்தது. பூவைத்தான் முகர்வாள் என்று நினைத்தேன். அவள் சட்டியைத் தூக்கி, மண்ணை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தாள். அப்புறம் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

எனக்கு வருத்தமில்லை. நானும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தேன்.