நம் இருவருக்கும் ஒரே ரிப்போர்ட்

முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சிலிருந்து ஸ்பிரிட் வாடை வருகிறது. கும்மிடிப்பூண்டி பஜாரில் நாம் சேர்ந்து வரும் அதே லேபில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரை பயத்தோடு சும்மா இருக்க முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நாம் இரண்டு பேர்தான் திருநங்கைகள். ஒரே அறை, ஒரே ஹார்மோன் மாத்திரை. மாத்திரையைக்கூட எப்படியாவது வாங்கிவிடுவோம்; டாக்டர் அடிக்கடி எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனைதான் கையைக் கடித்தது. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் போனால் ஒரு நாள் சம்பளத்தோடு அந்த மாத வருகைப் படியும் போய்விடும். நீதான் வழி கண்டுபிடித்தாய்.

"ரெண்டு பேரும் ஒரே மாத்திரதான துன்றோம். ஒருத்தி ரத்தம் குட்த்தா போதாதா இன்னா?"

ஒரு தடவை நீ, ஒரு தடவை நான். வந்த ரிப்போர்ட்டை இருவரும் படித்து நிம்மதியானோம். பெரிய புத்திசாலிகள்தான் நாம்.

கடைசித் தடவை உன் முறை. கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது என்றாய். நாள் முழுக்க நிற்கிறோமே, அதுதான் என்று நான் சொல்லிவிட்டேன். நடக்க முடியாமல் என்னை அனுப்பினாய். எல்லாம் நார்மல் என்று வந்தது. படுத்திருந்த உன்னிடம் அதை நீட்டி, "நமக்கு ஒண்ணும் இல்லடீ" என்றேன். நீயும் நம்பினாய். அடுத்த வாரம் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டதாம்.

உன் ரத்தத்தைக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்று, நமக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மாவைக் கேட்டேன். ரத்தத்தில் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, நேரில் வந்திருந்தால் காலைப் பார்த்திருப்பேன் என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

இப்போது லீவு போட்டு, ஃபீஸ் கட்டி அவரிடம் போகிறேன். மற்ற செலவையெல்லாம் குறைத்துவிட்டேன். மாத்திரையை விட முடியாது. விட்டால் கண்ணாடியில் தெரிகிறவள் போய்விடுவாள். ஆனால் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் உன் கால் ஞாபகம் வருகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால்கூடக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்க்கிறேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. இந்த முறையும் எல்லாம் நார்மல். படித்து முடித்ததும் கை பழக்கத்தில் பக்கத்து நாற்காலிக்கு நீட்டிவிட்டது.