பின்சீட்டில் நான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று அம்மா சொல்லித்தான் தெரியும், விடுமுறை முடிந்து நீ ஹாஸ்டலுக்குப் போன இந்த ஐந்து வாரமும் ஃபோன் அவளுக்குத்தான் வருகிறது. நானே கூப்பிடலாம், கூப்பிட்டால் குரல் ஏறிவிடும், அதனால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. என் தம்பி மேல். உனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரப் பத்து நாள் லீவு போட்டு, கியர் பாக்ஸை நாலு பக்கம் வரைந்து வைத்திருந்தேன். இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் அதையே நடத்தினேன், சாவியைக் கையில் தரவில்லை. என் லிஃப்ட் மெக்கானிக் வேலையில் வரைபடம் படிக்காதவனை மெஷின் ரூமுக்குள் விடமாட்டோம், அந்தப் பழக்கம். மூன்றாம் நாள் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிப் போனாய், ஒரு வாரம் அங்கேயே. துணிக்கடையில் சட்டை மடிக்கிறவன், லைசென்ஸுக்கே மூன்று தடவை போனவன், அவன் காரை நீ ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் நிறுத்தினாய். பக்கத்தில் அவன் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் என்ன சொன்னேன், இப்படி மிதிச்சா ஆறு மாசத்துல கிளட்ச் தேஞ்சிடும் என்று. நீ சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அடுத்த லீவுக்கு நேரா சித்தப்பா வீட்டுக்குத்தான் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

நீ போன பிறகு கிறீச்சிடாத கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தேன். அம்மா எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கி வைத்துவிட்டு, எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்குடுங்களேன், பதினெட்டு வருஷமா கேட்டாச்சு என்றாள். கேட்டது உண்மை. நீ பிறந்த வருஷம் கம்பெனி வேனில் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தேன், நான் கத்தின கத்தலில் பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது கண்டிஷன் போட்டாள், நான் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும், நிறுத்து என்பதைத் தவிர வாய் திறக்கக் கூடாது. உன்னிடம் ஃபோனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டாளே, நீயும் சித்தப்பா முறையைச் சொன்னாயே, ஆக்ஸிலரேட்டரைத் தொடாதே, கிளட்சை மெல்ல விடு, வண்டி தானா நகர்ற வரைக்கும் காத்திரு என்று, நான் பேப்பர் படிக்கிற மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் படத்தில் எல்லாம் இருக்கிறது, காத்திரு என்ற வார்த்தை மட்டும் இல்லை.

ஞாயிறு காலையில் கம்பெனிக் கிடங்கின் காலி மைதானத்தில் ஆரம்பித்தோம். பதினொரு தடவை வண்டி அணைந்தது, பதினொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த தடவை நகர்ந்தது. அம்மா கண்ணாடியில் பார்த்து, பின்னாடி உயிரோட இருக்கீங்களா என்றாள். இத்தனை லிஃப்ட் ஓடவைத்திருக்கிறேன், இந்தச் சந்தோஷம் வந்ததில்லை. இப்போது திங்கட்கிழமையே அடுத்த ஞாயிறுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் வண்டி நகர்ந்தது தம்பி சொல்லிக்கொடுத்த முறையில் என்று நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.

அன்றைக்கு நம் வாசலில் நீ காரை நிறுத்தின விதம் சரி. சக்கரம் நேராக இருந்தது, நியூட்ரல் போட்டாய், கைபிரேக் இழுத்தாய். பார்த்தேன், சொல்லவில்லை. நன்றாக ஓட்டினாய், அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த லீவு உன் இஷ்டம், சித்தப்பா வீட்டிலேயே இரு. ஒரு ஞாயிறு மட்டும் எனக்குக் கொடு.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததைப் படித்து நல்லா இரு. வெறும் வயிற்றில் வகுப்புக்குப் போகாதே. மறக்காதே, என் நம்பர் மாறவில்லை.

உன் அப்பா