மூணாறு வரை ஏறும் வண்டி

ஜனவரி 8, வியாழன்

விடியற்காலையிலிருந்து கிழக்குக் காற்று. மோட்டார் ரூம் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆணி அடிக்க வேண்டும்.

வண்டிக்கு மே மாதம் பதினைந்து வருடம் நிறைகிறது. மறுபதிவா, புதிதா? முடிவாகும் வரை இந்த நோட்டில் எழுதுவதாக உத்தேசம். வரிசை:

1. பழைய வண்டி. பெட்ரோல். குறை என்ன; குறை உண்மையில் வண்டியிடம்தானா?
2. பிளக்-இன் ஹைபிரிட். வீட்டில் சார்ஜ், பங்கில் பெட்ரோல், இரண்டும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆகவே சந்தேகம்.
3. முழு மின்சாரம். பாலக்காட்டுப் பக்கத்து எங்கள் சித்தூரிலிருந்து மூணாறு வரை ஏறுமா? இறக்கத்தில் சார்ஜ் தானாகக் கூடும் என்பது விற்பவர் பேச்சு.
4. சாதா ஹைபிரிட், சி.என்.ஜி.
5. சத்தம். மின்சார வண்டியில் எஞ்சின் ஓசை கிடையாது. என் மனைவி ருக்மணி (இனி ரு.) வழிநெடுக வெட்டிப்பேச்சு பேசுபவள். இப்போது பாதி எஞ்சினில் அமுங்கிப்போகிறது. இனி முழுவதும் கேட்கும். ஓட்டுபவன் கவனம் சிதறும். பெரிய குறை.
6. யார் சொல்வதை நம்புவது?

மூணாறு முக்கியம். மகள் கவிதா அங்கே பள்ளி ஆசிரியை. பேரனுக்கு இரண்டு வயது. மாதம் ஒரு முறை அவனைப் பார்க்காவிட்டால் ரு. குழம்பில் உப்பு மறக்கிறாள். நான் ஓட்டினால்தான் போக முடிகிறது. நான் ஓட்ட முடியாமல் போனால்

இந்த வாக்கியத்தை வேறொரு நாள் முடிக்கலாம்.

ஜனவரி 9, வெள்ளி

காற்று. பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் வந்தேன். ரு.விடம் சொன்னது: ஆலை ஓய்வூதியர் சங்கக் கூட்டம். உண்மை: கண் டாக்டர். இது எட்டாவது கூட்டம்.

இடது கண்ணின் ஓரப் பார்வை இன்னும் குறைந்திருக்கிறதாம். நேர்ப் பார்வையில் குறையில்லை. சொட்டு மருந்தை ஒரு வேளையும் விடக்கூடாது. “வண்டி ஓட்டறதை யோசிச்சுக்குங்க சார்” என்றார். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

திரும்பியதும் வழக்கம்போல் வண்டியின் மீட்டரைக் குறித்தேன். நாள் முழுதும் கொட்டகையில் நின்ற வண்டி. நேற்றைவிட இன்று 14 கி.மீ. கூடுதல்.

இரண்டு சாத்தியம். (அ) யாரோ எடுத்திருக்கிறார்கள். (ஆ) நேற்று நான் தப்பாகப் படித்து எழுதியிருக்கிறேன். சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் அளவு படித்தவன். (அ) என்றால் திருட்டு. (ஆ) என்றால் கண். (அ)வாக இருந்தால் தேவலை.

நேற்று நான் வண்டியை உள்ளே விடும்போது இடது பக்கக் கண்ணாடி கேட் தூணில் மறுபடி உரசிவிட்டது. தீபாவளிக்குப் பின் மூன்றாம் முறை. கேட்டை டேப் வைத்து அளந்தேன். அகலம் மாறவில்லை.

ஜனவரி 10, சனி

ரு.வோடு பாலக்காடு ஷோரூம். உள்ளே ஏ.சி. குளிர், தலைவலி. விற்பவர் பெயர் விபின். நான் நோட்டை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

பிளக்-இன் ஹைபிரிட் கேட்டேன்.

“இப்ப வலிய வண்டி மாத்ரம்தான் சாரே. சின்னது வரும்.”

“எப்போ?”

“வரும்.”

எழுதிக்கொண்டேன்: வரும்.

அது எங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது, அதுதான் உறுத்துகிறது. சித்தூர், பாலக்காடு ஓட்டத்துக்கு வீட்டு மின்சாரம் போதும். மூணாறுக்குப் பெட்ரோல். ஆனால் மாதம் ஒரு முறை மட்டும் எஞ்சின் ஓடினால் தொட்டியில் பெட்ரோல் கிடந்து பழசாகும். இரண்டு இயந்திரம், இரண்டுக்கும் பராமரிப்பு. பிளக்கை மாட்ட மறந்தால் அது பேட்டரியை வீணாகச் சுமக்கும் பெட்ரோல் வண்டி. விளம்பரத் தாளில் உள்ள மைலேஜ் ஒரு நாளும் தவறாமல் சார்ஜ் போடும் மனிதனுக்கு. அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. நான் ஒழுங்கானவன்தான். ஆனாலும் மறக்கும் வயது.

சாதா ஹைபிரிட்டுக்குப் பிளக் கிடையாது. பெட்ரோல் மட்டும். பிரேக்கில் வீணாவதைப் பிடித்து மோட்டாருக்குத் தருகிறது. குறை ஒன்றும் தெரியவில்லை. ஆகவே இன்னொரு தரம் படிக்க வேண்டும். சி.என்.ஜி.: சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். ரு. அரிசி, தேங்காய், முருங்கைக்காய் இல்லாமல் மூணாறுக்குக் கிளம்பியதில்லை. நீக்கம்.

ரு. மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ஒரே கேள்விதான் கேட்டாள்: “இதுல எத்தனை பெடலுங்க தம்பி?”

“ரெண்டு மாத்ரம் அம்மே. கிளட்ச் இல்லா.”

அவள் தலையாட்டிய விதம் சரியில்லை. விபின் என்னைப் பார்த்துச் சிரித்த விதமும்.

திரும்பும்போது: “ஏனுங்க, கரண்டு வண்டியே எடுத்துக்கலாமுங்க.” காரணம் கேட்டேன். “எடுத்துக்கலாமுங்க.” அவ்வளவுதான். நான் விளம்பரத் தாளை வாங்கப் போன நேரத்தில் அந்த ஆள் இவளுக்கு ஏதோ ஓதியிருக்கிறார்.

குறிப்பு 5க்கு ஆதாரம் வேண்டும் என்று, போய்வந்த வழியில் ரு. பேசியதை வீட்டுக்கு வந்தவுடன் எழுதி வைத்தேன்:

“வாழைத்தார் வண்டியப் பாருங்க, எத்தனாம் பெருசு.”
“ட்யூசன் புள்ளைங்க, சைக்கிள்ல ஜோடி போட்டு வருதுங்க.”
“கருப்பாடு ஒண்ணு தனியா நிக்குது.”
“ஸ்கூட்டர்காரனுக்கு என்ன அவசரமோ.”
“மணலக் குமிச்சிருக்காங்க. ஊடு கட்டறாங்களாட்ட.”
“பஸ்ஸு கெளம்புதுங்க.”
“பனங்கெழங்கு விக்கறான்.”
“அந்தக்கா கொடத்தத் தூக்கிட்டு எப்படி நடக்குது பாருங்க.”
“நாய்.”

மொத்தம் ஒன்பது. ஒன்றுக்காவது பதில் தேவையா? “நாய்” என்று மொட்டையாக ஒரு சொல்லை மனிதர் ஏன் சொல்ல வேண்டும்?

இத்தனைக்கும் வலது பக்கம் எதிரே லாரியில் ஒரு யானை போனது. ஏதோ கோவில் பூரத் திருவிழாவுக்கு. காதை ஆட்டிக்கொண்டே போனது. அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்திரண்டு வருடமாகியும் இவளைப் புரியவில்லை.

ஜனவரி 12, திங்கள்

காற்று குறைவு. சொட்டு மருந்து: காலை, மாலை, போட்டாயிற்று. மருந்துப் புட்டி அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

நூலகம் போவதாகச் சொல்லிவிட்டு நூலகம்தான் போனேன். போகுமுன் வண்டியின் பின் சக்கரத்தில் அடிப்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு, நேர்கீழே தரையில் ஒரு கோடு. மீட்டரை இரண்டு முறை படித்து, செல்போனில் படமும் எடுத்தேன்.

பதினொன்றரைக்குத் திரும்பினேன். சக்கரத்துக் கோடு மேலே இருக்கிறது. மீட்டரில் 9 கி.மீ. கூடுதல். படத்தோடு ஒப்பிட்டேன். சந்தேகமில்லை.

ஆக (ஆ) விலகியது. என் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுக்கிறார்கள் என்று உறுதியானதில் இவ்வளவு நிம்மதி வரும் என்று நினைக்கவில்லை.

ஓட்டுநர் இருக்கை நான்கு விரற்கடை முன்னால் தள்ளியிருக்கிறது. முதல் சந்தேகம் பக்கத்துத் தோட்டத்துக் கிட்டுச்சாமி மேல். சாவி தொங்கும் இடம் தெரிந்தவர். ஆனால் அவர் ஆறடி. இந்த இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். எடுத்தவர் குள்ளம்.

மாலையில் கிட்டுச்சாமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: “ஏனுங்க கெமிஸ்டு, நீங்க கார் வாங்கறீங்ளா, பொண்ணு பாக்கறீங்ளா? ஆறு மாசமா ஜாதகமே பாத்துட்டிருக்கறீங்க. அதுக்குள்ள பொண்ணு கெழவியாயிரும்!”

வண்டி விஷயத்தை ஜாடையாகக் கேட்டேன். சிரித்தார். “கள்ளன் வெளிய இல்லீங்க. ஊட்டுக்குள்ளார வெசாரிச்சுப் பாருங்க.”

விசாரிக்கவில்லை. நான் ரு.வை ஒன்று கேட்டால் அவள் என்னை ஒன்று கேட்பாள். சங்கக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கவிதாவும் பேரனும் மாப்பிள்ளை செல்வமும் மூணாறிலிருந்து வந்தார்கள். செல்வத்தின் அப்பா, அம்மா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். இவர் டாக்ஸி. போன வருடம் மின்சார வண்டிக்கு மாறியவர். டாக்ஸிக்காரர் என்பதால் கூடுதல் ஜாக்கிரதையோடு கேட்டேன்.

“மாமா, ஏத்தத்துல தின்னும், ஒத்துக்கிடுதேன். எறக்கத்துல கொஞ்சம் திருப்பித் தந்துரும்லா. சனிக்கெழம எங்க கூட வாங்க. நீங்களே நோட்டுல எழுதுங்க.”

அவர் வண்டிக்குச் சார்ஜ் போட நீண்ட ஒயர் இழுத்தோம். “மோட்டார் ரூம்ல த்ரீ ஃபேஸ் இருக்குல்லா மாமா, அதுல போட்டா சீக்கிரம் ஏறிரும்.”

“அது விவசாய இணைப்பு. தப்பு.”

“சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. தெற்கு அறை பிளக்கிலேயே போட்டோம். ஒயர் சூடாகிறதா என்று அரைமணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் செல்வத்தின் வண்டி திரும்பி நிற்கிறது. முகம் ரோட்டைப் பார்த்து. ரு.வுக்கு நெற்றியில் வியர்வை. அடுப்படிச் சூடு என்றாள். அடுப்பு அணைந்து வெகு நேரம்.

ஜனவரி 17, சனி

செல்வம் ஓட்ட, எல்லோரும் மூணாறு. நான் முன்னால் இடது இருக்கை, நோட்டோடு.

பேட்டரி சார்ஜ், சதவீதத்தில்: சித்தூர் 100. உடுமலை 78. சின்னார் செக்போஸ்ட் 68. மறையூர் 56. மூணாறு 34.

காட்டுக்குள் சார்ஜ் போட இடம் ஏதும் கண்ணில் படவில்லை. நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று சின்னாரிலிருந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிற்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். செல்வம் எனக்காக மெதுவாக ஓட்டியிருக்கலாம். கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒன்று: இத்தனை தூரத்தில் ரு. ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் பேரனோடு விளையாட்டு. மாப்பிள்ளை ஓட்டினால் அடக்கம். நான் ஓட்டினால் மட்டும் ஆடு, நாய், வாழைத்தார்.

குளிர். இரண்டு கம்பளி. சொட்டு மருந்தைக் குளியலறையில் வைத்துப் போட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

திரும்பினோம். செல்வம் கொண்டுவந்து விட்டார், ரு., நான், அவர் மட்டும்.

மறையூருக்கு மேலே உள்ள இறக்கத்தில் 58 இருந்தது 60 ஆனது. கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த மீட்டரும் வண்டி செய்தவன் வைத்ததுதானே? குறிப்பு 3 நிலுவை.

பொள்ளாச்சி தாண்டி இளநீர் குடிக்க நிறுத்தினோம். குடித்து முடித்ததும் செல்வம் பின் கதவைத் திறந்து சாவகாசமாக உட்கார்ந்தார். “அத்தை, ரோடு நேராத்தான் கெடக்கு. எடுங்க.”

ரு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். நான்கு விரற்கடை.

நான் ரோட்டிலேயே நின்றேன். “லைசென்ஸ் வேணும்.”

“கார்த்திகைலயே வாங்கியாச்சுங்க. சித்தூர்ல பொம்பளைங்களுக்கு ஓட்டப் பழக்கற ஷைலா இல்லீங்ளா, அவதான் பழக்குனா. நீங்க வெளிய போற நாள்ல அவளப் பக்கத்துல உக்கார வெச்சு நம்ம வண்டிய ஓட்டுனேன். அந்தக் கிளட்சை மிதிச்சு மிதிச்சு முட்டியே போச்சு. அதுக்குத்தான் கரண்டு வண்டி கேட்டதுங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க சொன்னீங்ளா? எந்தச் சங்கத்துலீங்க கண்ணுல மருந்து ஊத்தி அனுப்பறாங்க? மீட்டிங் போயிட்டு வந்தா முழி ரெண்டும் இத்தாம் பெருசா இருக்குது. வெளிச்சத்தப் பாத்தா கூசுது.”

செல்வம் பின்னால் இருமினார். இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறிக்கொண்டேன்.

நாற்பதுக்கு மேல் போகவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறாள். பிரேக்கில் குலுக்கல் இல்லை. ஓசையே இல்லாத வண்டி. டயர் ரோட்டில் உருளுவது கேட்கிறது. கோபாலபுரத்துக்கு முன்னால் எங்கேயோ, “நாய்” என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பிரேக்கைத் தொட்டபின் இடது ஓரத்திலிருந்து ஒரு செவலை நாய் வண்டிக்கு முன்னால் வந்து, கடந்து போனது.

“ஓட்டறது நீ. யாருக்குச் சொல்றே?”

“பழக்கமாப் போச்சுங்க” என்றாள்.

மாலை. செல்வம் கிளம்பிப் போய்விட்டார். போகும்போது “எந்த வண்டின்னு முடிவு பண்ணியாச்சா மாமா?” என்றார். மின்சாரம்தான், பெடல் இரண்டே இருப்பதால், என்றேன்.

10ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அன்று ஒன்பது பேச்சையும் எழுதியவன், எந்தப் பக்கம் என்று ஒரு கட்டம் போடவில்லை. ஆய்வகத்தில் ஒரு பயிற்சியாளர் இப்படிக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் தலையைத் திருப்பினேன் என்று நினைவுபடுத்தி, இப்போது போட்டேன் (இ. = இடது, வ. = வலது).

வாழைத்தார் வண்டி: இ.
சைக்கிள் பிள்ளைகள்: இ.
கருப்பாடு: இ.
ஸ்கூட்டர்: இ.
மணல்: இ.
பஸ்: இ.
பனங்கிழங்கு: இ.
குடம்: இ.
நாய்: இ.
யானை: வ. சொல்லவில்லை.

8ஆம் தேதி பாதியில் விட்ட வாக்கியம்: நான் ஓட்ட முடியாமல் போனால் ரு. ஓட்டுவாள்.

குறிப்பு 5 தவறு.